வாப்பாவை நிற்க வைத்த படம்

என் கணவருக்கு எதிராக நான் கொடுத்த வழக்கின் அறிவித்தலை என் வீட்டு வாசலில் வைத்து என் கையிலேயே தந்தார்கள். கொண்டுவந்தவர் காதியாரின் எழுத்தர். கலியாணம், விவாகரத்து, தாபரிப்பு என்று எங்கள் ஆட்களின் குடும்ப வழக்குகள் எல்லாம் காதியாரிடம்தான் போகும். அதனால் எழுத்தருக்குத் தெரியாத வீடு கல்முனையில் இல்லை. அவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "புருஷன் இரிக்காரா மகள்?" என்று கேட்டார்.

"இருந்தா நான் ஏன் வழக்குப் போடுறன்?"

"கோவிக்காதீங்க. கேக்கச் சொல்லித்தான் சட்டம்."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே காணாமற்போன கணவனின் கடைசி முகவரி எப்போதும் அவனுடைய மனைவியின் முகவரிதான். பெறுபவர் என்ற கோட்டின்மேல் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்தர் போன பிறகு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இன்ன திகதி காலையில் நேரில் வந்து உங்கள் மனைவியின் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும், தவறினால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்புச் சொல்லப்படும் என்று அதில் எழுதியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குசினிக்குள் போய் அழுதேன். எட்டு வருஷமாக இல்லாத மனிதரை அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, யுத்தம் மூண்டிருந்த ஆவணியில், சவளக்கடைப் பக்கத்து வயலில் சூடு அடித்து நெல் பிரிக்கிறார்கள் என்று உழவு மெஷினில் ஏறிப் போனவர் அவர். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மூன்றாம் நாள் மெஷின் மட்டும் வரம்போரம் நின்றது. அந்த வருஷம் அந்த ரோட்டால் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் ஊரில் பல வீடுகளில் உண்டு. யார், ஏன் என்று எழுத ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும். அடக்குவதற்கு ஜனாஸாவும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கணவன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், பெண் நாலு மாதமும் பத்து நாளும் ஓர் அறைக்குள் இத்தா இருப்பாள். கடைசி நாளில் குளித்து, உடுப்பு மாற்றி வெளியே வருவாள். அது கஷ்டந்தான், ஆனால் அதற்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. போகாத அறையிலிருந்து எப்படி வெளியே வருவது? நிறமான சாரி உடுத்தால், "யாருக்குக் காட்ட?" என்றார்கள். வெள்ளை உடுத்தால், "அவன் மௌத்தெண்டு நீயே முடிவு கட்டிட்டியா?" என்றார்கள். கலியாண வீடுகளில் என்னை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல் குசினிப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். எட்டு வருஷம் ஊராரின் கலியாணங்களுக்கெல்லாம் வெங்காயம் உரித்திருக்கிறேன்.

வழக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. அதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். எனக்குக் கலியாணம் முடிக்க ஆசை வந்துவிட்டது. எனக்கு முப்பது வயது. தபாற்கந்தோரில் வேலை பார்த்த ஒருவர் என் தாய்மாமாவிடம் என்னைக் கேட்டிருந்தார். மனைவி மௌத்தாகி மூன்று வருஷமாகத் தனியாக இருந்தவர். அதிகம் கதைக்காத மனிதர், கதைத்தால் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். அவருக்குக் கண்டிப் பக்கம் மாற்றம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. போவதா, நின்று முயற்சி செய்வதா என்பது என் பதிலில் இருந்தது. என் பதிலோ காதியாரின் கையில் இருந்தது. கணவன் இல்லாமலேயே கலியாணக் கட்டை அவிழ்த்துவிட காதியாரால் முடியும். அதற்குப் பஸஹ் என்று பெயர். அவர் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வருஷத்தில் கணவன் வரவும் இல்லை, ஒரு செய்தியும் அனுப்பவில்லை என்பது உண்மையாக இருக்க வேண்டும். அது உண்மைதான். அதில் எனக்குப் பயம் இருக்கவில்லை.

பயப்பட வேண்டிய பொருளை நானே என் கையால் செய்து வைத்திருந்தேன்.

மாமா கல்முனைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் பெண்களுக்கு முக்காட்டைச் சரி செய்துவிட ஒரு பெண் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். சொந்த மாமாவின் கடை என்பதால் ஊரும் வாயை மூடிக்கொண்டது. தொண்ணூற்றாறில் கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கொண்டுவந்தார். அவருக்கு அதைத் தொடப் பயம். எனக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு ஃபேன். வீட்டில் அடைபட்டிருந்த நான் இங்கேயும் அடைபட்டேன். ஆனால் இந்த அறையில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது, அதற்குள் மனிதர்கள் வந்து போனார்கள்.

வந்தவர்களில் பாதிப்பேர் இல்லாதவர்கள். உறவுக்காரர்கள் நகத்தளவு முகத்தைக் கொண்டுவந்து முழ அளவுக்கு ஆக்கித் தரச் சொல்வார்கள். கடலில் போனவர்கள், ரோட்டில் போனவர்கள், நோய் வருத்தத்தில் போனவர்கள். ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடையும். இன்னும் கிட்டப் போனால் அது ஆளே இல்லை, சாம்பல் நிறக் கட்டங்கள்தான். அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவது? பக்கத்தில் இருப்பவர் சொல்லுவதைக் கொண்டுதான். "இவ்வளவு கறுப்பில்ல." "காது கொஞ்சம் விரிஞ்சிருக்கும்." படத்தையும் கொண்டுவந்து, அந்தப் படம் பிழை என்றும் சொல்வார்கள். ஒரு தாய் கொண்டுவந்த படத்தில் மகன் கண்ணை மூடியிருந்தான், படம் எடுத்த நேரம் இமைத்துவிட்டான். கண்ணைத் திறந்து தரச் சொன்னார். எங்கிருந்து திறப்பது? அவனுடைய தங்கச்சியைக் கூட்டிவரச் சொல்லி, அவளைப் படமெடுத்து, அவள் கண்ணை அவனுக்கு வைத்தேன். தாய் பார்த்துவிட்டு, "இவன்தான், இதே பார்வைதான்" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பார்ப்பவர்களுக்கு எது வேண்டுமென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மகளுக்கு ஏழு வயதில் குர்ஆன் ஓதி முடிந்தது. ஓதி முடித்த பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பும் மருதாணியுமாக ஒரு படம் எடுப்பது வழக்கம். கூட ஓதிய பிள்ளைகளெல்லாம் வாப்பாமாரோடு நின்று எடுத்தார்கள். இவள் தனியாக நிற்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "நீங்க எல்லாருக்கும் செஞ்சி குடுக்கிறீங்கதானே, எனக்கும் வாப்பாவச் செஞ்சி தாங்க" என்றாள். நான் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளைக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அந்த முகத்தைத் திரும்பப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

மாமா அவளை எங்கள் வீட்டு வாசலில் காலை வெயிலில் நிறுத்திப் படமெடுத்தார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, கையை லேசாகத் தூக்கி, யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல நிற்கச் சொன்னேன். அவள் அப்படியே நின்றாள். அவளுக்கு அது பழக்கமானது போலவே இருந்தது. 

அவருக்கு இருந்த படங்கள் இரண்டே இரண்டு. எங்கள் கலியாணத்தில் மாமனார் படமெடுக்க விடவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் அட்டையோடும் ஆளோடும் போய்விட்டது, அதன் பிரதி ஒன்று தண்ணீர் பட்டு அரைவாசி அழிந்து கிடந்தது. மற்றது, விளையாட்டுக் கழகத்தில் பதினைந்து பேர் வரிசையாக நின்ற படம். அதில் அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைத்தான் எடுத்தேன். மாமாவுக்கு என் கணவருடைய சாரனையும் சேர்ட்டையும் உடுத்தி வாசலில் நிறுத்தி, உடம்பை அங்கிருந்து எடுத்தேன். அந்த மென்பொருளில் படத்தை அடுக்கடுக்காகச் செய்யலாம், கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல. உடம்பு ஓர் அடுக்கு, முகம் ஓர் அடுக்கு, தாடி ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணை அமர்த்தினால் அடுக்கு மறையும், திரும்ப அமர்த்தினால் வரும்.

முகத்தில் வெயில் ஒரு பக்கமாகவும் வாசலில் மறுபக்கமாகவும் விழுந்தது. முதல் வேலையாக முகத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். இரண்டு வெயிலும் ஒன்றாயின. பிறகு கட்டங்களை நிரப்பத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்து சொல்ல யாரும் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும். மூக்கு வந்துவிட்டது. வாய் வர ஒரு கிழமை எடுத்தது. அவருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. கழகப் படத்தில் அது தெரியவில்லை. எந்தப் பக்கம்? கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் என் முன்னால் உட்கார்ந்து சோறு தின்பதாக நினைத்துப் பார்த்தேன். வலது பக்கம் என்று வந்தது. அவருடைய வலதா, எனக்கு வலதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வலது புருவத்தில் வைத்தேன். வைத்தவுடன் அது எப்போதும் அங்கேயே இருந்தது போலாகிவிட்டது.

மகள் பார்த்துவிட்டு, "இவரு வாப்பா மாதிரி இல்ல, நானா மாதிரி இரிக்காரு" என்றாள். அது சரிதான், அண்ணன் வயதுதான் தெரிந்தது. போனபோது அவருக்கு முப்பது வயது. ஏழு வயதுப் பிள்ளையின் தகப்பனுக்கு அது போதாது. ஆகவே நான் அவருக்கு வயது ஏற்றினேன். தாடியில் நரை போட்டேன், நெற்றியை ஏற்றினேன், கண்ணுக்குக் கீழே தசையைக் கொஞ்சம் தளர்த்தினேன், எல்லாவற்றையும் நரை என்று பெயர் வைத்த ஒரே அடுக்கில். அவர் எங்களோடு இருந்து வயதாகாத எட்டு வருஷத்தையும் பத்து நாளில் கொடுத்து முடித்தேன். அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அச்சடித்தது ஒரே ஒரு பிரதி என்றுதான் நினைத்திருந்தேன். மகள் மாமாவிடம் கெஞ்சி இன்னொன்று வாங்கியிருக்கிறாள். அதைத் தன் வாப்பாவின் உம்மாவுக்கு, என் மாமிக்கு, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

மாமி நிந்தவூரில் இருந்தார். கணவர் மௌத்தானவர், பிள்ளை என்று இருந்தது அந்த ஒரு மகன்தான். வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பேத்தியின் தலையைத் தடவுவார், மகன் உட்காரும் கதிரையில் உட்காருவார், நான் கட்டியிருக்கும் சாரியை ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். திடீரென்று மூன்று வெள்ளிக்கிழமை வரவில்லை. நான் காரணம் தேடவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. என் வழக்கு அறிவித்தலின் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போயிருந்தது, அந்தக் கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை காதியார் வீட்டு விறாந்தையில் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் காதியாரும் ஊரில் மதிப்பான மூன்று பேரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நானும், சாட்சிக்கு மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும். காதியார் கேட்டார், நாங்கள் சொன்னோம். வரவில்லை. செய்தி இல்லை. காதியார் எழுதிக்கொண்டே போனார். இன்னும் இரண்டு கேள்வியில் முடிந்திருக்கும். அப்போதுதான் மாமி கடப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் துண்டால் சுற்றி என் படம்.

"என்ட மகன் வந்திரிக்கான்" என்றார் மாமி. "இவள் மறைக்காள்."

படம் கைமாறிப் போய்க் காதியாரின் முன்னால் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மூன்று பேரும் குனிந்தார்கள். ஒருவர், "இது அவன்தான். எங்களோட பந்தடிச்சவன்" என்றார். மாமி சொல்லத் தொடங்கினார். பேத்தி ஓதி முடித்தது இந்த வருஷம். அவள் அதே வெள்ளை உடுப்பில் நிற்கிறாள், பக்கத்தில் மகன் நிற்கிறான், அவளுடைய கையைப் பிடித்திருக்கிறான். இவள் வயிற்றில் இருக்கும்போது போனவன். பழைய படமென்றால் நரை எப்படி வந்தது? "எனக்கிட்ட வராம பொஞ்சாதிர வீட்டுக்கு வந்திரிக்கான். ஆம்புள வாற வீடு அதுதானே. நான் கோவிக்கல்ல. உசிரோட இரிக்கான் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே புள்ள?"

இந்தக் கடைசிச் சொல்லை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் கோபமே இல்லை. மூன்று வெள்ளிக்கிழமையும் அவர் வராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மகன் ஒளித்து வந்து போகிறான், தான் போனால் அவனைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மருமகளின் கட்டு அவிழப்போகிற நாள் வரைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார். எங்கள் ஊர்த் தாயைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. திரும்பி வருகிற மகன் தாயைத் தாண்டி மனைவியின் வீட்டுக்குத்தான் முதலில் போவான் என்பது அவருக்கு இயல்பாகவே பட்டிருக்கிறது.

"நான்தான் செஞ்ச படம்" என்றேன். "கம்ப்யூட்டர்ல."

"படம் எடுக்கிறது எண்டு கேள்விப்பட்டிரிக்கன். செய்யிறது எண்டா என்ன?" என்று கேட்டார் காதியார்.

நான் விளக்கினேன். விளக்க விளக்க நானே பொறிக்குள் போவது தெரிந்தது. படம் உண்மையென்றால், கணவன் உயிரோடு இருக்க இன்னொருவனைத் தேடுகிறவள் நான். படம் பொய்யென்றால், இல்லாத ஆளை இருப்பதாகச் செய்து காட்டத் தெரிந்தவள். அப்படிப்பட்டவள் சொல்லும் சாட்சியத்தை யார் நம்புவது? மூன்று பேரில் ஒருவர், "இப்பிடிச் செய்ய ஏலுமெண்டா, நாளைக்கு ஒரு மையித்தையும் செஞ்சி காட்டலாம்தானே" என்றார். பிணத்தின் படத்தையும் செய்யலாம்தான், நியாயமான கேள்வி. எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

வழக்கை இரண்டு கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த இரண்டு கிழமையில் ஊர் முழுக்க என் கணவர் வந்துபோய்விட்டார். சந்தையில் கண்டவர்கள் இருந்தார்கள். ஒலுவிலில் வள்ளத்தில் இறங்கினார் என்றார்கள். பாதுகாப்புப் படையினர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, எட்டு வருஷம் எங்கே இருந்தார் என்று கேட்டு, அலுமாரியைத் திறந்து அவருடைய சேர்ட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். தபாற்கந்தோர்க்காரர் மாமாவிடம் வந்து, "அவர் இரிக்காரெண்டா நான் விலகிக்கிறன், அதுதான் மரியாதை" என்றாராம். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "எல்லாரும் வாப்பா வந்தாரு எண்டு கதைக்கிறாங்க, எனக்கு மட்டும் ஏன் காட்டல்ல?" என்று கேட்டாள். படம் எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். என்னையும் மாமாவையும் விட்டால் அந்தக் கிழமை ஊரில் அவர் வரவில்லை என்று நம்பியவர்களே கிடையாது. நானும் ஒரு தரம் கடப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். ஆடு.

காதியார் சொல்லி அனுப்பினார்: நீ செய்ததென்றால் எங்கள் கண்ணுக்கு முன்னால் காட்டு.

ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மாமா கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கதிரைகள் போட்டார். இரண்டு பேருக்கு மேல் கொள்ளாத அறையில் ஏழு பேர். மாமியை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவருடைய மூச்சு என் தோளில் பட்டது. மெஷினைப் போட்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எழும்பி வர நேரமெடுக்கும்.  பிறகு படம் திறந்தது, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக. மாமி திரையைத் தொட்டு, "மகன்" என்றார்.

"இத நான் எப்பிடிச் செஞ்சன் எண்டு பாருங்க மாமி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, வாடிக்கையாளர்களோடு கதைக்கிற குரல்.

நரையின் கண்ணை அமர்த்தினேன். தாடி கறுத்தது. பின்னால் ஒருவர் "யா அல்லாஹ்" என்றார். தாடியை அமர்த்தினேன். முகம் சின்னதாகி, போன நாளின் வயதுக்கு வந்தது. தழும்பை அமர்த்தினேன். மாமி என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையோடு சேர்த்தே மவுசை நகர்த்தினேன். உடம்பு போனது, முகம் மட்டும் வாசலில் தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல் அடுத்ததை உடனே அமர்த்தினேன். முகமும் போனது. மகள் வெள்ளை உடுப்பில், கையை லேசாகத் தூக்கி, காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன?" என்று காதியார் கேட்டார்.

மகளுக்குப் பக்கத்தில், நிலத்தில், ஓர் ஆளின் நிழல் கிடந்தது. ஆள் நின்றால் நிழல் விழ வேண்டுமே என்று அதை நான் தனி அடுக்காக வரைந்திருந்தேன். மறந்துவிட்டேன்.

"நெழல். அதுவும் நான் வரைஞ்சதுதான்."

"அப்ப அதையும் எடுங்க."

"நெழல விடு புள்ள" என்றார் மாமி. "நெழல் இரிக்கட்டும். அது யாருக்கு என்ன செய்யுது?"

 காதியார் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. நான் நிழலின் கண்ணை அமர்த்தினேன். என் கலியாணத்துக்காக அதைச் செய்தேன். வேறு நியாயம் எதுவும் சொல்லத் தெரியாது. மாமி என் முழங்கையை விட்டார்.

அடுத்த கிழமை பஸஹ் கிடைத்தது. வெளியே வருவதற்கு முன்னால் உள்ளே போக வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட, வீட்டில் இத்தா இருந்தேன். ஸ்டூடியோ இல்லை, கடைத்தெரு இல்லை, ஜன்னலும் சாத்தித்தான். விடுதலைக் கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது. தபாற்கந்தோர்க்காரர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இருப்பதாக மாமா வந்து சொன்னார். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்குள் அவருடைய முகத்தை நினைத்தால் நரைத்த தாடியோடுதான் வந்தது. நரை இல்லாத முகத்தைத் தேடினால் திரையில் கண்ட முகம் வந்தது, சட்டத்தோடு. என்னோடு இரண்டு வருஷம் வாழ்ந்த முகம் வரவே இல்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தேடியிருக்கிறேன்.

இத்தா முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மாமி வந்தார். ஸ்டூடியோவுக்குப் பிறகு அதுதான் முதல் தரம். கதிரையில் உட்காரவில்லை, என் பாயிலேயே உட்கார்ந்தார். கலியாணம் எப்போது என்று கேட்டார். சொன்னேன். "நல்லது. தனிய இரிக்கேலா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒண்டு கேக்கணும் புள்ள. அந்தத் தழும்பு."

"என்ன மாமி?"

"அது இடதுபக்கம். அஞ்சு வயசில கிணத்துக்கட்டில அடிபட்டு. இந்த இடுப்பில தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினன். அவன்ட மத்தப் பக்கம் என்ட தோள்ள, காயப்பட்ட பக்கம் வெளிய. ரெத்தம் என்ட கையில ஊத்திச்சு." தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "படத்தக் கண்ட அண்டைக்கே பார்த்தன். பக்கம் மாறிக் கிடக்கு எண்டு பட்டுச்சு. மறுகா நினைச்சன், எனக்கு வயசு போய்ட்டு, படம் பொய் சொல்லுமா எண்டு. பொஞ்சாதிக்குத் தெரியாததா எண்டு."

எனக்கு உடனே வாசல் வெயில் நினைவுக்கு வந்தது. முதல் நாள், முதல் வேலையாக, முகத்தை நான் திருப்பிப் போட்டேன். தழும்பை மட்டுமல்ல, மூக்கின் சாய்வையும் வகிட்டையும் சிரித்தால் ஏறுகிற பக்கத்தையும் நானே மாற்றிவிட்டு, அந்தத் திரும்பிய முகத்துக்கு ஏற்றபடி மற்றதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன். கண்ணாடியில் தெரிகிற முகத்தை வைத்து ஓர் ஆளைச் செய்து, அவரை என் கணவர் என்று நம்பியிருக்கிறேன். மாமி தன் கையில் ஊற்றிய இரத்தத்தை மறந்து அதை நம்பப் பார்த்திருக்கிறார்.

"நீங்க சொல்லுறதுதான் சரி மாமி. நான்தான் பிழை விட்டுட்டன்."

"அப்ப எனக்குச் சரியா ஒண்டு செஞ்சி தருவியா? நரை வேணாம். எனக்கிட்ட இருந்து போன மாதிரி."

குளித்து வெளியே வந்த நாள், கலியாணத்துக்குச் சேலை பார்க்கப் போவதற்கு முன்னால், ஸ்டூடியோவுக்குப் போனேன். கோப்பைத் திறந்தேன். அமர்த்தி வைத்திருந்த கண்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன், நிழலிலிருந்து தொடங்கி. எல்லாம் அப்படியே இருந்தன. நரையையும் தாடியையும் மட்டும் மூடினேன். பிறகு முகத்தையும் தழும்பையும் சேர்த்துப் பிடித்து, இடம் வலமாகத் திருப்பினேன். ஓர் அமர்த்தல்தான். தழும்பு இடது புருவத்துக்கு வந்தது.

அது அவர்தான். அதில் சந்தேகமில்லை, அவரைப் பெற்றவர் சொன்னபடி இருந்தது. வெயில் பிழையான பக்கம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியவில்லை. வீதியில் எதிரே வந்திருந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருப்பேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன், கதவடிக்குப் போய்த் திடீரென்று திரும்பியும் பார்த்தேன். இல்லை. யாரோ ஒருவர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

மாமிக்கு அதில் ஒன்று அச்சடித்து உறையில் போட்டு, நிந்தவூர் என்று எழுதினேன். பிறகு முகத்தைப் பழையபடி பிழையான பக்கத்துக்கே திருப்பி, நரையையும் போட்டு, சேமித்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். எனக்கு அந்த ஆளைத்தான் தெரியும்.